பில்லியன்: ஒரு சொல், இரண்டு எண்கள்

ஒளி ஓராண்டில் ஏறத்தாழ ஆறு பில்லியன் மைல் தொலைவு செல்லும் என்று பழைய பிரிட்டிஷ் அறிவியல் நூலொன்றில் படிக்கிறோம் என வைத்துக்கொள்வோம். பில்லியன் என்றால் நூறு கோடி என்று நாம் பள்ளியில் கற்றிருக்கிறோம். ஆகவே மொழிபெயர்ப்பில் 'அறுநூறு கோடி மைல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவோம். ஆனால் அறுநூறு கோடி மைல் என்பது புளூட்டோவைச் சற்றே தாண்டிய தொலைவுதான்; ஒளி அதை ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் கடந்துவிடும். நூலாசிரியர் சொல்ல வந்தது ஆறு லட்சம் கோடி மைல். அவர் கணக்கில் பிழையில்லை. ஒரே சொல் இரண்டு எண்களுக்குப் பெயராக நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது.

'மில்லியன்' பிறந்தது இத்தாலியில். ஆயிரத்தைக் குறிக்கும் 'மில்லே' என்ற சொல்லோடு பெருமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து 'பெரிய ஆயிரம்' ஆனது. 14ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் வந்தது. அதற்கு மேற்பட்ட எண்களுக்கு ஒழுங்கான பெயர் வரிசையை 1484இல் எழுதிய கையெழுத்துப் படியில் தந்தவர் பிரான்சின் லியோன் நகரில் வாழ்ந்த நிக்கோலா ஷுகே. இலத்தீனில் இரண்டைக் குறிக்கும் முன்னொட்டைச் சேர்த்தால் பில்லியன், அதாவது மில்லியன் மில்லியன். மூன்றைக் குறிப்பதைச் சேர்த்தால் டிரில்லியன், மில்லியன் மில்லியன் மில்லியன். மில்லியனை எத்தனை முறை பெருக்க வேண்டும் என்பதை முன்னொட்டே சொல்லிவிடும். அவருடைய நூல் 1880இல்தான் அச்சேறியது; எனினும் அதிலிருந்து பெரும்பகுதியை எடுத்தாண்ட எஸ்தியன் த லா ரோஷின் கணித நூல் 1520லேயே வெளிவந்துவிட்டது.

ஆங்கிலத்தில் இந்தப் பெயர்களுக்கு ஒரு தத்துவ நியாயத்தையே வழங்கியவர் ஜான் லாக். மனித அறிவைப் பற்றி 1690இல் வெளியிட்ட பெருநூலில் எண்ணுக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கி, பெயரில்லாத பேரெண்ணை மனம் தெளிவாகப் பிடித்துவைத்துக்கொள்ள இயலாது என்று வாதிட்டார். பெயர் இருந்தும் அதன் பொருள் இரண்டாகப் பிளந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை.

அந்தப் பிளவு பிரான்சில் நேர்ந்தது. இலக்கங்களை ஆறாறாகப் பிரிப்பதை விட்டு மும்மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் தலையெடுக்க, பில்லியன் ஆயிரம் மில்லியனாகச் சுருங்கியது. அமெரிக்கா இந்தக் குறுகிய கணக்கை ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் பழைய கணக்கிலேயே நின்றது. வேடிக்கை என்னவென்றால், பிரான்சு 1961இல் சட்டப்படி பழைய கணக்குக்கே திரும்பிவிட்டது. பிரிட்டனோ 1974 டிசம்பரில் எதிர்த் திசையில் நடந்தது. உலக வழக்கில் பில்லியன் என்பது ஆயிரம் மில்லியன்தான், அமைச்சர்கள் வேறு பொருளில் ஆண்டால் குழப்பமே மிஞ்சும் என்று பிரதமர் ஹெரால்ட் வில்சன் நாடாளுமன்றத்தில் விடையளித்தார்.

அறிவியலாளர்கள் வேறு வழியைத் தேர்ந்தார்கள். 1795ஆம் ஆண்டின் பிரெஞ்சு அளவைச் சட்டம், பெருக்கத்துக்குக் கிலோ, ஹெக்டோ போன்ற கிரேக்க முன்னொட்டுகளையும், பகுப்புக்கு சென்டி, மில்லி போன்ற இலத்தீன் முன்னொட்டுகளையும் வகுத்தது. 1960இல் அனைத்துலக அளவை மாநாடு 'கிகா', 'டெரா' இரண்டையும் ஏற்றது. கிரேக்கத்தில் முன்னது அரக்கன், பின்னது பூதம். ஆயிரத்தின் நான்காம் அடுக்கான டெரா, நான்கைக் குறிக்கும் 'டெட்ரா'வில் ஓரெழுத்து குறைந்ததுபோல் தற்செயலாக அமைந்திருந்தது. அதையே வழியாகக் கொண்டு 1975இல் 'பென்டா'வைக் குறைத்துப் 'பெட்டா'வும், 'ஹெக்சா'வைக் குறைத்து 'எக்சா'வும் ஆக்கினார்கள். 2022இல் 'ரோனா', 'குவெட்டா' வரை வரிசை நீண்டது.

மாநாடு கூடி முடிவெடுத்தும் பிளவு முற்றிலும் நீங்கவில்லை. கணினித் துறையினர் 1024ஐயும் கிலோ என்றே அழைத்தனர். அதற்கென 'கிபி' என்ற தனி முன்னொட்டு 1998இல் வகுக்கப்பட்டும் பழைய பழக்கம் விடவில்லை. 500 கிகாபைட் என்று வாங்கிய வட்டைச் சில கணினிகள் 465 என்று காட்டுவது அதனால்தான். விற்றவர் ஆயிரத்தால் பெருக்க, கணினி 1024ஆல் வகுக்கிறது.

வில்சனின் விடை புதிய ஆவணங்களுக்குப் பொருந்தும். ஏற்கெனவே அச்சான நூல்களை அது திருத்தாது. பழைய பிரிட்டிஷ் நூலை மொழிபெயர்க்கும்போது முதலில் பதிப்பாண்டைப் பார்க்க வேண்டும். அதுமட்டும் போதாது, 1974க்கு முன்பே குறுகிய கணக்கைக் கைக்கொண்ட பிரிட்டிஷ் எழுத்தாளர்களும் உண்டு. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மூலங்களிலோ பில்லியன் இன்றும் மில்லியன் மில்லியன்தான். ஐயம் எழும் இடத்தில் ஒரு தாளை எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, நூறு கோடியா லட்சம் கோடியா என்று தமிழிலேயே எழுதிவிடுவது நல்லது. நம் கோடிக்கு ஒரே மதிப்புத்தான்.