சொந்த ஃபோனுக்குள் ஆபீஸ் நுழைந்த கதை

சொந்த ஃபோனில் ஆபீஸ் நுழையும் சிக்கல் பிளாக்பெர்ரி காலத்தில் பெரிதாக எழவில்லை. ஃபோன் கம்பெனியுடையது, வேலையை விட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். 2007-இல் ஐபோன் வந்தது. அடுத்த ஆண்டே அதில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மெயில் ஓடியது. சொந்தக் காசில் வாங்கிய ஃபோனிலேயே ஆபீஸ் மெயில் பார்ப்பது வழக்கமாயிற்று.

அப்போது நான் சென்னையில் ஐ.டி. சப்போர்ட்டில் இருந்தேன். ஆண்ட்ராய்டில் ஆபீஸ் மெயில் கணக்கைச் சேர்த்ததும் ஒரு திரை வரும்: ஃபோனிலுள்ள அனைத்தையும் அழிக்கும் அதிகாரத்தை சர்வருக்குத் தர வேண்டும். சம்மதித்தால்தான் மெயில். யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. ஒருவர் ராஜினாமா செய்த மாலையே அவர் ஃபோனுக்கு அழிப்புக் கட்டளை போனது. மெயிலோடு மகளின் முதல் பிறந்தநாள் படங்களும் போயின. அந்தக் கட்டளைக்கு ஆபீஸ் எது, வீடு எது என்று பிரிக்கத் தெரியாது. கம்பெனி ரகசியம் காக்கப்பட வேண்டியதுதான். அதற்காக ஒருவருடைய குடும்பப் படங்களில் கைவைப்பது அநியாயம். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

2014-இல் ஆண்ட்ராய்டு 5.0 வேலைக்கென்று தனி புரொஃபைல் தந்தது. ஆபீஸ் ஆப்களின் மேல் சின்னதாக ஒரு கைப்பெட்டிச் சின்னம் இருக்கும். கம்பெனி அழித்தால் அந்தப் பகுதி மட்டுமே போகும். 2016-இல் வந்த 7.0, அதை மாலையில் ஒரே தட்டில் அணைத்துவைக்கவும் வழிசெய்தது. எனக்கு அதுதான் பெரிய விடுதலையாகப் பட்டது. ஆப்பிள் 2019 வரை காத்திருந்து, ஐஓஎஸ் 13-இல் சொந்த ஃபோனைக் கம்பெனி நிர்வாகத்தில் சேர்க்கும் 'யூசர் என்ரோல்மென்ட்' முறையைக் கொண்டுவந்தது. அதில் கம்பெனியால் முழு ஃபோனையும் அழிக்க முடியாது. சீரியல் நம்பரைக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் ஃபோனை எந்த முறையில் சேர்ப்பது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் இன்றும் கம்பெனிதான்.