கோரியோகார்சினோமா

கோரியோகார்சினோமா, நஞ்சுக்கொடியாக வளரவேண்டிய செல்களில் தோன்றும் அரிய புற்றுநோய். பிள்ளை பெறும் வயதில் வருவது. ஏறத்தாழப் பாதி, முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குப் பின் வருகிறது. கருச்சிதைவுக்குப் பின்னும், நல்லபடியாக நடந்த பிரசவத்துக்குப் பின்னும்கூட வரலாம்.

முழு முத்துப்பிள்ளையில் கரு உருவாவதில்லை. திராட்சைக் கொத்துப் போல நீர்க்கொப்புளங்களே கருப்பையை நிறைக்கின்றன. அதை அகற்றிய பிறகும் நூற்றில் 15 முதல் 20 பேருக்கு மிஞ்சிய செல்கள் மீண்டும் வளர்ந்து சிகிச்சை தேவைப்படுகிறது. கோரியோகார்சினோமா ஆவது அவர்களில் சிலருக்கே.

முதல் அறிகுறி, நிற்காத உதிரப்போக்கு. ‘பிள்ளை பெற்ற உடம்பு, போகப்போகச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலில்தான் மாதங்கள் கழிகின்றன. இந்நோய் ரத்தத்தின் வழியே விரைந்து நுரையீரலை எட்டும். இருமலில் ரத்தம் வரும். எக்ஸ்ரேயில் வட்ட வட்டமாக வெண்புள்ளிகள் தெரியும். காசநோயோ என்று சந்தேகம் திரும்பும். அப்போது கர்ப்பம் பார்க்கும் அட்டையில் ஒரு துளி சிறுநீர் விட்டால், கருவுறாத பெண்ணுக்கும் இரண்டு கோடு விழும். இச்செல்கள் எச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரப்பதே காரணம். ரத்தத்தில் அதன் அளவே நோயைக் காட்டிவிடுவதால் பெரும்பாலும் சதைப் பரிசோதனை தேவையில்லை. அது ஆபத்தும்கூட: நோய் பரவி யோனியில் தெரியும் கருநீல முடிச்சைக் கிள்ளி எடுத்தால் ரத்தம் கட்டுக்கடங்காமல் போகலாம்.

மருந்தால் மட்டுமே குணமான முதல் திடக்கட்டி இது. மருந்து, மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் நடத்திய ஃபோலிக் அமில ஆய்வுகளில் பிறந்தது. 1956-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் அதை இந்நோய்க்குக் கொடுத்தனர். கட்டி மறைந்த பிறகும், எச்.சி.ஜி. முழுதாக இறங்கும்வரை லீ மருந்தை நிறுத்தவில்லை. அதற்காக வேலையை இழந்தார். அவர் செய்தது சரியென்று காலம் காட்டியது. 1972-இல் லாஸ்கர் விருது வந்தது.

இன்று ஆபத்து குறைந்த வகையில் ஏறக்குறைய அனைவரும் பிழைக்கின்றனர். பரவிய நிலையிலும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பெரும்பாலோரைக் காக்க முடிகிறது. ஆகவே முத்துப்பிள்ளையை அகற்றியபின் வாராவாரம் எச்.சி.ஜி. பார்ப்பதைத் தவறவிடக் கூடாது. கீமோ சிகிச்சை முடிந்து ஓராண்டு கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பெரும்பாலோருக்குக் கருப்பையை எடுக்கவேண்டி வருவதில்லை; பலர் பிறகு நலமாகப் பிள்ளை பெறுகின்றனர். அந்தப் பிரசவம் முடிந்த ஆறாவது வாரத்திலும் ஒருமுறை எச்.சி.ஜி. பார்த்துக்கொள்ள வேண்டும்.