ஸொஹ்ரா ஸெஹ்கல் அம்மையார்

நற்குடிப் பெண்டிர் நாடகமேடை ஏறுவது பெரும் பழியாகக் கருதப்பட்ட காலத்தில் மேடையேறி, நூறாண்டு கடந்தும் வாழ்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1912 ஏப்ரல் 27இல் சஹாரன்பூரில், ராம்பூர் வழிவந்த ரோஹில்லாப் பட்டாணியக் குடும்பத்தில் ஸொஹ்ரா பேகம் பிறந்தார். தாயை இளமையிலேயே இழந்தார். லாகூரில் அவர் பயின்ற குவீன் மேரி கல்லூரி, கோஷா முறை கண்டிப்பாகப் பேணப்பட்ட இடம். அங்கிருந்து வெளிவந்த பெண், 1930இல் தம் தாய்மாமனுடன் மோட்டார் காரில் ஈரான், பலஸ்தீனம், சிரியா வழியே எகிப்தை அடைந்து, கப்பலேறி ஐரோப்பா சென்றார் என்றால் இன்றும் நாம் வியக்கவே செய்வோம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மன் நடத்திய நடனப் பள்ளியில் மூன்றாண்டுகள் கற்றார். அதற்குமுன் அவர் முறையாக நடனம் பயின்றவரல்லர்!

1935இல் உதயசங்கரின் குழுவிற் சேர்ந்து ஜப்பான், எகிப்து, ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் ஆடினார். பின்னர் அல்மோராவில் உதயசங்கர் நிறுவிய கலைமையத்தில் ஆசிரியையானார். பாலசரஸ்வதியின் ஆசானாகிய நம் கந்தப்பப் பிள்ளை பரதம் கற்பித்ததும் அம்மையத்திலேதான். அங்குப் பயின்ற காமேஷ்வர் ஸெஹ்கல் என்னும் இந்து இளைஞரை, குடும்பத்தார் தயக்கத்தையும் மீறி, 1942 ஆகஸ்ட் 14இல் மணந்தார். ஜவாஹர்லால் நேரு இத்திருமண விருந்துக்கு வருவதாக இருந்தது; ஆகஸ்ட் 9இல் அவர் சிறைப்பட்டுவிட்டார். தம்பதியர் லாகூரில் ஒரு நடனப் பள்ளி தொடங்கினர். வகுப்புப் பகை முற்றிய அந்நகரில் இத்தகைய இல்லறம் நிலைப்பது அரிது எனக் கண்டு பம்பாய் சென்றனர்.

அம்மையாரின் வாழ்வில் நாம் மிகவும் போற்றுவது, 1945 முதல் பிருத்விராஜ் கபூரின் நாடகக் குழுவில் அவர் கழித்த 14 ஆண்டுகளையே. அவருடைய தங்கை உஸ்ரா அக்குழுவின் முதன்மை நடிகை. தங்கை தலைவியாக நடிக்க, அக்காள் துணை வேடம் தாங்குவது எளிதன்று. ஆயினும் அவர் விலகவில்லை. ஊர் ஊராகச் சென்ற அக்குழு ‘தீவார்’, ‘பட்டாண்’ முதலான நாடகங்களை நடத்திற்று. நாடகம் முடிந்ததும் பிருத்விராஜ் வாயிலில் துணியேந்தி நின்று பொதுப்பணிக்கு நிதி திரட்டுவார். திரைப்படம் அவ்வம்மையாருக்குப் பக்கத் தொழிலே. ‘ஆவாரா’வின் புகழ்பெற்ற கனவுக் காட்சிக்கு நடனம் அமைத்ததில் அவருக்குப் பங்குண்டு.

1959இல் கணவர் மறைந்தார். 1962இல், ஐம்பதாம் வயதில், நாடகக் கல்விக்கான உதவித்தொகை பெற்று லண்டன் சென்றார். 1964இல் பி.பி.சி. தொலைக்காட்சி படைத்த கிப்ளிங் கதையொன்றில் நடித்தார். பேரரசின் கதைசொல்லி வழியாகவே அந்நாட்டுத் தொலைக்காட்சி அவருக்குக் கதவைத் திறந்தது என்பது எண்ணத்தக்கது. பல்லாண்டுகள் சிறு வேடங்களே கிட்டின. 1984இல் ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’ தொடரில் சீமாட்டி சாட்டர்ஜியாகத் தோன்றியபோதுதான் ஆங்கிலேயர் அவரை அறிந்தனர். அப்போது அவருக்கு வயது 71! ‘தந்தூரி நைட்ஸ்’ தொடர் அதன்பின் வந்தது.

இதற்கிடையே உஸ்ரா 1964இல் பாகிஸ்தானில் குடியேறியிருந்தார். ஒரே மேடையில் வளர்ந்த இருவருக்கும் இடையே எல்லைக்கோடு விழுந்தது. 1993இல் லாகூரின் அஜோகா நாடகக் குழு, ஷாஹித் நதீம் எழுதிய ‘ஏக் தீ நானி’யில் இருவரையும் சேர்த்து மேடையேற்றியது. பிரிவினையால் பிரிந்த சகோதரியர் முதுமையில் சந்திப்பது கதை. அவர்களுடைய வாழ்வைத் தழுவியே அது எழுதப்பட்டிருந்தது. எல்லைக்கு இருமருங்கும் அந்நாடகம் நடந்தேறியது. எந்தத் தூதுக் குழுவும் எளிதிற் செய்யவியலாத பணி இஃது என்போம்.

தாயகம் திரும்பிய அவருக்கு 1998இல் பத்மஸ்ரீ, 2002இல் பத்மபூஷண், 2010இல் பத்மவிபூஷண் வழங்கப்பட்டன. பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வயது 85. இது காலந்தாழ்ந்த கௌரவமே. தொண்ணூற்றைந்தாம் வயதிலும், 2007இல், ‘சீனி கம்’ படத்தில் அமிதாப் பச்சனுக்குத் தாயாகத் தோன்றி இளையோரையும் நகைக்க வைத்தார். உஸ்ரா 2010இல் பாகிஸ்தானில் கண்மூடினார். அக்காள் நான்காண்டுகள் பின்தங்கி, 2014 ஜூலை 10இல் தில்லியில் தமது 102ஆம் வயதில் மறைந்தார்.