கன்னக்கோலும் கன்னக்களவும்

தமிழ்நாட்டுக் காவல்துறை சொத்துக் குற்றங்களை ஆதாயக் கொலை, கூட்டுக் கொள்ளை, கொள்ளை, கன்னக்களவு, திருட்டு என்று பிரித்து எழுதுகிறது. இவற்றுள் நாலாவது சொல் செய்தித்தாளில் அரிதாகத்தான் கண்ணில் படும். பூட்டிக் கிடந்த வீட்டில் நகை போனாலும் 'கொள்ளை', கத்தியைக் காட்டிப் பறித்துக்கொண்டு போனாலும் 'கொள்ளை' என்றே தலைப்பு வருகிறது. கன்னக்களவு என்ற சொல் காவல் நிலையத்துக்குள்ளேயே முடங்கிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

திருடன் வீட்டுச் சுவரில் போடும் துளைதான் கன்னம். முகத்துக் கன்னத்துக்கும் இதற்கும் உறவில்லை. ஐங்குறுநூற்றில் வேலன் கழங்கு பார்த்துத் தூக்கும் கன்னமும் வேறு. தெலுங்கில் துளைக்கே 'கன்னமு' என்று பெயர். கன்னடத்தில் 'கன்ன' என்றால் களவுக்காகச் சுவரில் இடும் துளை. கர்நாடகப் போலீசாரும் 'கன்ன களவு' என்றே எழுதுகிறார்கள். தேங்காய்க் கண், சல்லடைக் கண் என்று துளையைக் கண்ணாகச் சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. அதனால் கன்னத்துக்கும் கண்ணே வேர் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் ணகரம் னகரமாவது இடிக்கிறது; அதை நான் வற்புறுத்த மாட்டேன்.

செயல் மிகப் பழையது. மதுரைக்காஞ்சி காட்டும் நள்ளிரவில் கள்வர் இருள்நிற உடை அணிந்து, நூலேணியோடும் நிலத்தை அகழும் உளியோடும் திரிகிறார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்லக் காவலரைத் தூண்டும் பொற்கொல்லன், கள்வருக்குத் துணையாவன எட்டு என்று அடுக்குகிறான். அவற்றுள் கருவியும் ஒன்று. அங்கேயும் அந்த உளி வருகிறது. வடமொழியில் சூத்திரகரின் மிருச்சகடிகம் இன்னும் நெருங்கிப் போய்க் காட்டுகிறது. அந்த நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் சர்விலகன் சுவரைத் தடவிப் பார்த்து, துளையைத் தாமரை வடிவில் போடலாமா, பிறை வடிவில் போடலாமா என்று யோசிக்கிறான். அளவு நூல் கொண்டுவர மறந்துவிட்டதால் பூணூலையே அளவு நூலாக்கிக்கொள்கிறான். துளை போட்டு முடித்ததும் உடனே நுழைந்துவிடுவதில்லை. முதலில் ஒரு பொம்மை ஆளை உள்ளே விட்டுப் பார்க்கிறான். உள்ளே யாராவது விழித்திருந்தால் அடி பொம்மைக்குத்தானே விழும்.

கதவு இருக்கச் சுவரை ஏன் குடைய வேண்டும்? கதவை உடைத்தால் தெருவே எழுந்துவிடும். மண்சுவரைச் சுரண்டினால் சத்தம் வராது. அதற்கு வேண்டியது முனை கூர்ந்த ஓர் இரும்புக் கம்பி, அதுதான் கன்னக்கோல். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலைப் படித்தவர்களுக்குக் கன்னம் வைப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரிந்திருக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கன்னம் என்ற சொல் செயலைச் சுட்டியது. வெள்ளையர் அரசு 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டமோ பிறப்பைச் சுட்டியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எந்தச் சுவரையும் தொடாதவர்கள்கூடக் கைரேகை பதிந்து, இரவுகளில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. கன்னக்கோலை ஒரு சாதியின் அடையாளமாக எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதை ஏற்க முடியாது. கோல், பிடித்த கைக்குத்தான் சொந்தம்.

அதே ஆட்சி 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம் இந்தக் குற்றத்தைச் செயலை வைத்தே வரையறுத்தது. 445ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டே கன்னம்தான்: ஒருவன் இன்னொருவன் வீட்டுச் சுவரில் துளையிட்டுக் கையை உள்ளே விடுகிறான். கை நுழைந்தாலே குற்றம் முடிந்தது. ஆள் நுழைய வேண்டியதில்லை. தொலைந்த சாவியைக் கண்டெடுத்து, அதனாலேயே வீட்டைத் திறந்து நுழைவதும் அதே பிரிவுக்குள் வரும். மண்சுவர் போய்ச் செங்கல்லும் சிமெண்டும் வந்தபின் பூட்டை உடைப்பதும் ஜன்னல் கம்பியை வளைப்பதும் கன்னக்களவு ஆனது இப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 330, 331ஆம் பிரிவுகளில் இருக்கிறது. திருடும் நோக்கத்தோடு இரவில் செய்தால் 14 ஆண்டு வரை சிறை.

கொள்ளை என்பதற்குச் சட்டத்தில் வேறு கணக்கு. திருட்டோடு அடியோ மிரட்டலோ சேர வேண்டும். ஐந்து பேராவது சேர்ந்து செய்தால் அது கூட்டுக் கொள்ளை. 2019 அக்டோபரில் திருச்சியில் ஒரு பெரிய நகைக்கடையின் சுவரில் ஆள் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, விலங்கு முகமூடி போட்டவர்கள் உள்ளே போய்க் கோடிக்கணக்கான ரூபாய் நகையை அள்ளிச் சென்றார்கள். கன்னம் என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஊரெல்லாம் அதை நகைக்கடைக் கொள்ளை என்றே பேசியது.

'அண்ணா நகரில் வீடு புகுந்து கொள்ளை' என்ற வரியை வெளியூரில் இருந்து படிக்கும் மகள், அங்கே தனியாக இருக்கும் அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறித்தான் போனை எடுப்பாள். 'கன்னக்களவு' என்று போட்டிருந்தால், யாரையும் கட்டிப்போடவில்லை, அடிக்கவில்லை என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும்.