புகையில்லா அடுப்பின் கதை

மன்னர்களின் போர்களையும் கோட்டைகளையும் வரலாறு என்று கற்கும் மாணவர்களுக்கு, அடுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் வியப்பாக இருக்கலாம். ஆயினும், நம் நாட்டில் பல கோடிப் பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் வருத்திய புகையோடு அது பிணைந்தது. ஆகவே, அதனையே நான் இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

நம் முன்னோர் அடுப்பின் அருமை அறியாதவர் அல்லர். பெரிய அடுப்பின் பக்கத்தே கொடியடுப்பு ஒன்றை அமைத்து, வீணாகும் அனலில் வெந்நீர் காய்ச்சினர். சிக்கனம் அதில் இருந்தது. புகைக்கு வழிதான் இல்லை. அது அடுக்களையிலேயே சுழன்று, ஓட்டின் இடுக்குகளில் கசிந்தது.

1934ஆம் ஆண்டு வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. அதனை நடத்தியவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அச்சங்கம் இயங்கிய மகன்வாடியில் 1940களில் உருவானதே ‘மகன் சூலா’ என்னும் அடுப்பு. பின்னர், ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகையற்ற அடுக்களையைக் கோடிக்கணக்கானோர்க்கு உரியதாக்குவது பற்றி 1953இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். களிமண்ணால் ஆன அவருடைய அடுப்பில் பல பாத்திரங்களுக்கு இடமும், புகைபோக்கியும் இருந்தன. சூடேறிய காற்று இலேசாகிக் குழாயில் மேலெழும். அதன் இழுப்பால் அடுப்பின் வாய் வழியே புதுக்காற்று உட்புகும். இதுவே அதன் தத்துவம்.

1983இல் மத்திய அரசு இப்பணியை மேற்கொண்டது. 2002இல் அத்திட்டம் முடிவுறுமுன் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பெற்றன. ஆனால் அவற்றுள் பல நெடுநாள் பயன்படவில்லை. ஒடிசாவில் இத்தகைய அடுப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றை, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலறிஞர் மூவர் 2012இல் வெளியிட்டனர். முதலாண்டில் புகை குறைந்தது; அடுத்த ஆண்டே அந்நன்மை மறைந்தது. அடுப்புகளை ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை என்பதே காரணம்.

இதன் உட்பொருளை எளிதில் உணரலாம். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும், புகை மிகும். அப்புகை குளிர்ந்த குழாயில் கரியாகப் படியும். படியப் படிய வழி குறுகும். குறுகினால் புகை அறைக்கே திரும்பும். அதில் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சுவாயுவும் உண்டு. படிந்த கரி தீப்பற்றினால் கூரைக்கும் ஆபத்து. அடுப்பின் மண் வெடித்தாலோ, அவ்வெடிப்பு வழியே புகை கசிந்து இழுப்பும் கெடும்.

எனவே, விறகைப் பிளந்து வெயிலில் நன்கு உலர்த்துக. சாம்பலை அடிக்கடி அகற்றி, தணல் முற்றும் அவிந்தபின் கொட்டுக. புகைபோக்கியின் கரியை அடுப்பு ஆறியபின் தவறாது தட்டிச் சுரண்டுக. வெடிப்பைக் களிமண்ணால் அன்றே பூசுக. எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவதை அறவே விடுக.

எரிவாயு பெருகிய இக்காலத்தும் பல வீடுகளில் விறகு எரிகிறது. அங்கே புகைபோக்கியைத் துடைக்கும் வேலையைத் தாயின் தலையில் மட்டும் சுமத்தாமல், மாணவர்களே, நீங்களும் ஒரு கை கொடுங்கள். அறிஞர் சிலர் தொடங்கிய பணி அவ்வாறுதான் நிறைவு பெறும்.