புது வாகனம் பழுதென்றால் பொறுப்பு யாருக்கு? ஒரு சட்டத்தின் நீண்ட கதை



2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்திலும் புது வாகனம் எடுப்பது பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. நகையை அடகு வைத்து, சேமலாப நிதியைப் போட்டு, வெளிநாட்டில் உழைத்த காசையும் சேர்த்துத்தான் நம்மவர்கள் வாகனம் வாங்குகிறார்கள். அப்படி வாங்கியது முதல் மாதமே கராஜில் போய் நின்றால்? "வொரன்டி இருக்கு, திருத்தித் தருவோம்" என்று கம்பனி சொல்லும். திருத்துவதோடு முடிந்ததா, வேறு வாகனம் மாற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு ரெண்டாயிரம் வருட வரலாறு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பழைய ரோமில் சந்தையைக் கண்காணிக்கத் தனி அதிகாரிகள் இருந்தார்கள். அடிமைகளையும் மாடு குதிரைகளையும் விற்பவர்கள் நோயையும் குறையையும் மறைத்து விற்றதால், அந்த அதிகாரிகள் ஒரு விதி போட்டார்கள். குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும். சொல்லாமல் விற்றால் வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். பொருளை வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துத் தரச் சொல்லி ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடவும் வழி இருந்தது. மனிதரை மனிதர் விற்ற அநியாயமான சந்தை அது. ஆனாலும் வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை அங்கே எழுத்தில் வந்துவிட்டது.

பிக்ஹு படித்தவர்களுக்கு 'கியாருல் அய்ப்' தெரிந்திருக்கும். விற்கும்போதே இருந்த குறை பின்னால் தெரியவந்தால், வாங்கியவர் வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம் என்பதே அது. 1869க்கும் 1876க்கும் இடையில் உஸ்மானிய அரசு தொகுத்த 'மஜல்லா' சட்டத்திலும் இந்த உரிமை இடம்பெற்றது.

நம் நாட்டுக்கு வருவோம். ஒல்லாந்தர் நம் மலைப்பகுதியை ஆளவில்லை. ஆனாலும் அவர்கள் கரையோரத்தில் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம், ஆங்கிலேயர் காலத்தில் நாட்டின் பொதுச்சட்டமானது. பிறகு, இந்த மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை நிலைத்துவிட்ட காலத்தில், 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வந்தது. அது இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இன்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும் என்ற நிபந்தனை, காகிதத்தில் எழுதாவிட்டாலும் வியாபாரத்துக்குள் இருக்கிறது என்பது அதன் சாரம்.

அந்த ஆங்கிலச் சட்டம் காருக்கு எப்படிப் பொருந்தும் என்பதை 1925இல் லண்டனில் ஒரு வழக்கு காட்டியது. சுற்றுப்பயணம் போக வசதியான கார் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். விற்பனையாளர் புகாட்டி காரைச் சிபாரிசு செய்தார். கார் அதற்குச் சரிவரவில்லை. உற்பத்தியாளரின் உத்தரவாதத்தைத் தவிர வேறு உத்தரவாதம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே என்றார் விற்பனையாளர். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தேவையைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கியவர் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம் என்று தீர்ப்பானது.

அமெரிக்காவிலோ கார் கம்பனிகள் எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி வொரன்டி எழுதின. 90 நாள் அல்லது 4,000 மைல், அதற்குள் பழுதான பாகத்தை மட்டும் மாற்றித் தருவோம், வேறு பொறுப்பு எதுவும் இல்லை என்றன. வாங்கிச் சில நாட்களிலேயே ஸ்டியரிங் கைவிட்டு மதிலில் மோதிய ஒரு பிளிமத் கார் சம்பந்தமான வழக்கில், 1960இல் நியூ ஜெர்சி உயர் நீதிமன்றம் அந்த வரிகளைச் செல்லாது என்றது. பேரம் பேச வழியில்லாத மனிதரிடம் அச்சடித்த காகிதத்தை நீட்டிப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்பதே அதன் கருத்து. 1982இல் கனெக்டிகட் மாநிலம், பலமுறை திருத்தியும் சரிவராத புதுக் காரை மாற்றிக் கொடு அல்லது பணத்தைக் கொடு என்று தனிச் சட்டமே போட்டது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் போட்டன.

பக்கத்து நாட்டில் இரண்டு விதமாகவும் தீர்ப்பு வந்திருக்கிறது. 2006இல் மாருதி வழக்கில், வொரன்டியில் எழுதியிருப்பது பாகத்தை மாற்றுவது, முழுக் காரை அல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில் ஹூண்டாய் வழக்கில், விபத்தின்போது காற்றுப்பை விரியாத காருக்கு நட்டஈட்டோடு வேறு காரும் கொடுக்கச் சொன்ன உத்தரவை அதே நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே எல்லாப் பழுதுக்கும் வாகனத்தை மாற்றித் தர மாட்டார்கள். எப்படிப்பட்ட பழுது, அதற்கு ஆதாரம் என்ன என்பதுதான் கேள்வி.

இப்போது நம் கையிலிருக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதன் 13ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்த உத்தரவாதமோ எழுதாமலே உள்ள உத்தரவாதமோ மீறப்பட்டால் அதிகார சபை விசாரிக்கலாம். முறைப்பாடு சரியென்று கண்டால் உற்பத்தியாளரோ வியாபாரியோ நட்டஈடு கொடுக்க, பொருளை மாற்றித் தர, அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

நம்மவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். "அடுத்த கிழமை கொண்டு வாங்க, பாகம் வரல்ல, மெக்கானிக் லீவு" என்று நாலு தடவை கொழும்புக்கும் கண்டிக்கும் அலையவிட்டால் மூன்று மாதம் ஓடிவிடும். வொரன்டி மூன்று வருடம் இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். வொரன்டி கம்பனியின் கணக்கு, மூன்று மாதம் சட்டத்தின் கணக்கு. இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே வாங்கும்போதே "ஏற்ற இறக்கப் பாதையில் இத்தனை பேரை ஏற்றி ஓடப்போகிறேன்" என்று தேவையைச் சொல்லி, அதை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு முறை கராஜில் விடும்போதும் திகதி, கிலோமீற்றர், என்ன பழுது என்பதை எழுதிய ஜொப் காட் வாங்காமல் திரும்பாதீர்கள். லீசிங்கில் எடுத்திருந்தால் லீசிங் கம்பனிக்கும் கடிதம் போடுங்கள். கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள், வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. மூன்று மாதம் தாண்டியிருந்தால் நீதிமன்ற வழி பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

ரதெல்ல இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் வொரன்டிப் புத்தகம் உயிரைக் காப்பாற்றாது. பழுதான வாகனத்தை மாற்றிக் கேட்பது பிச்சையோ சண்டையோ அல்ல, நம் உரிமை. புது வாகனம் எடுக்கப்போகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைப் பகிருங்கள்.