மதுராந்தகம்

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள நகராட்சி, வட்டத் தலைமையிடம். சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், ஜி.எஸ்.டி. சாலையையும் விழுப்புரம் ரயில் பாதையையும் ஒட்டி அமைந்துள்ளது. 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட மதுராந்தக உத்தம சோழனோடு ஊர்ப்பெயரைத் தொடர்புபடுத்துவர்.

ஊருக்கு அடையாளம் ஏரி. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளுள் ஒன்றான இது நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியாகக் கிளியாற்றில் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரக் கிராமங்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுப்பது வழக்கம். கோதண்டராமர் கோயில் 'ஏரி காத்த ராமர்' கோயில் எனப் பெயர் பெற்றதும் இப்படியொரு மழைக்காலத்தால்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கும்பினியின் செங்கல்பட்டு ஜாகீர் கலெக்டரான லயனல் பிளேஸ், கரை உடையுமோ என்று அஞ்சி நின்ற இரவில் ராம லட்சுமணர் வில்லேந்திக் கரையைக் காத்ததைக் கண்டார் என்பது தல வரலாறு. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். தாயார் சன்னதியில் பிளேஸின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. பெரிய நம்பியிடம் ராமானுஜர் பஞ்ச சம்ஸ்காரம் என்னும் வைணவ தீட்சை பெற்ற தலமும் இதுவே. அருகிலுள்ள வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் கேட்டுக்கொண்டபோது, அதற்கு எழுத்துமூல அங்கீகாரம் அளித்தவரும் பிளேஸ்தான். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவது அவ்வூர் உழவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுற்றுலாக் கையேடுகள் இத்துடன் நின்றுவிடும். வட்டாரத்தின் தொழில் வாழ்க்கையைப் பார்க்க, செங்கல்பட்டுப் பக்கமுள்ள படாளத்துக்குப் போகவேண்டும். மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை அங்கேதான் இருக்கிறது. ஏரிப்பாசனமும் கிணற்றுப்பாசனமும் உள்ள நிலங்களில் நெல்லுக்கு அடுத்தபடியாகக் கரும்பு நிலைபெற இந்த ஆலை ஒரு காரணம்.

கரும்பு பயிரிடுபவர் ஆலையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பயிர் முதிர்ந்ததும் வெட்டு உத்தரவு வரும்; அதற்கு முன் வெட்டினால் எடைமேடையில் இடமில்லை, உத்தரவு தாமதித்தால் தோகை காய்ந்து எடை குறையும். சர்க்கரை எடுக்கப் பயன்படும் ஜெர்மனியின் பீட்கிழங்கைக் குளிரில் வாரக்கணக்காகக் குவித்து வைக்கலாம். கரும்புக்கு அந்தப் பொறுமை கிடையாது: வெட்டி ஒரு நாள் கடந்தாலே சாற்றிலுள்ள சர்க்கரை சிதையத் தொடங்கும். அதனால்தான் அரவைப் பருவத்தில் டிராக்டர்களும் லாரிகளும் இரவிலும் ஆலைவாசலில் வரிசைகட்டுகின்றன. வெட்டு ஆட்கள் கிடைக்காத ஆண்டுகளில் உழவரின் பெரிய கவலை கூலிதான்.

நூறு டன் கரும்பு பிழிந்தால் பொதுவாக ஒன்பது, பத்து டன் சர்க்கரை தேறும். இந்த விகிதத்தை 'கட்டுமானம்' என்பார்கள். ஏறத்தாழ முப்பது டன் வரும் சக்கை கொதிகலனுக்கு எரிபொருள்; கழிவுப்பாகு எரிசாராய ஆலைகளுக்குப் போகும். மத்திய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் கரும்பு விலை கட்டுமானத்தை ஒட்டியே கூடுகிறது, குறைகிறது. ஆக, பழைய இயந்திரத்தின் சுணக்கமும் வயலில் காத்துக்கிடந்த கரும்பின் இழப்பும் உழவரின் கணக்கிலேயே ஏறுகின்றன. கூட்டுறவு ஆலை என்பதால் அந்த உழவரே அதன் பங்குதாரராகவும் இருப்பார். தமிழகக் கூட்டுறவு ஆலைகளில் நிலுவைத்தொகை கேட்டு நடக்கும் போராட்டங்களில் கோஷம் போடுபவர்கள் பெரும்பாலும் ஆலையின் உறுப்பினர்களே.